எந்தப் பத்தொன்பது பேர்?

சத்துவாச்சாரி,
6 மார்ச் 2022

அன்புள்ள அஃப்ஷா,

உன் மின்னஞ்சல்கள் எல்லாம் வந்தன. அவற்றில் நீ டாக்டராக இருக்கிறாய்; பெயருக்குக் கீழே பதவியும் துறையும் எட்டு வரி. அதனால் தாளிலேயே எழுதுகிறேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டு துண்டுத்தாளில் பேசியவர்கள்தானே நாம்.

நம் நரம்பு ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். நீ ஜனவரியில் அனுப்பிய ஆங்கிலப் படிவத்தை வைத்து எழுதியது. உங்கள் மருத்துவ மொழியைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று ஆம்பூர் போயிருந்தேன். ஷூ கம்பெனியில் ஒட்டும் மேசையில் வேலை செய்யும் சுகரா பேகத்தைப் பார்த்தேன். பதினோரு வருடமாகத் தோலுக்குப் பசை தடவுகிறார். மற்ற பெண்கள் அவர் சொன்னால்தான் வருவார்கள். அவர் கேட்டது இது: "தண்ணி எடுத்தாங்க, மண்ணு எடுத்தாங்க, இப்போ நரம்பா? போனவங்க யாராச்சும் திரும்பி வந்து, இந்தாம்மா உங்க தண்ணில இதான் இருக்குதுன்னு சொன்னாங்களா டீச்சர்?"

எனக்கும் அதே சந்தேகம் உண்டு என்பது உனக்குத் தெரியும். படிவத்தின் கடைசி வரியைக் காட்டினேன்: 'உங்கள் பரிசோதனை முடிவு எழுதிய தாள் உங்கள் கையிலேயே தரப்படும்.' இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகுதான் தலையாட்டினார்.

அந்த வரி அப்படியே இருக்கிறது அல்லவா? நெறிமுறைக் குழு ஏதாவது மாற்றியிருந்தால் இப்போதே சொல். வீடு வீடாகப் போகப்போகிறவள் நான்.

உன் அம்மி நலம். நீ எப்போது வருவாய் என்று என்னைத் திட்டுகிறார்.

அன்புடன்,
மேகலா


லீட்ஸ்,
21 மார்ச் 2022

என் மேகலாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி வயது குறைந்தது. இங்கே இன்னும் குளிர். அம்மியிடம் ரம்ஜானுக்கு முயற்சி செய்கிறேன் என்று சொல். 'முயற்சி' என்ற சொல்லை மட்டும் அழுத்தாதே.

படிவம் அழகாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாக நான் ஆங்கிலத்தில்கூட எழுதியதில்லை. அப்படியே அச்சடி. ஏப்ரலில் நரம்புப் பரிசோதனைக் கருவியோடு டெக்னீஷியன் வருவான். காற்று அளக்கும் வேலையைப் பொறியியல் துறை சாமிநாதன் பார்த்துக்கொள்வார். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் உன்னிடம், எண்ணும் முடிவும் என்னிடம். ஒருவரிடமே இரண்டும் இருக்கக்கூடாது, அதுதான் விதி.

சமூகவியல், மருத்துவம், பொறியியல் மூன்றும் ஒரே மேசையில். இருபத்தைந்து வருடம் முன்பே பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ இல்லாமல் இது நடக்காது டி.

உன்,
அஃப்ஷா


சத்துவாச்சாரி,
3 ஜூலை 2022

அன்புள்ள அஃப்ஷா,

முடிந்தது. எண்பத்து நான்கு பெண்கள்.

கம்பெனி கேன்டீனில் இரண்டு மேசைகளை ஒன்றாகப் போட்டுப் பரிசோதனை. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் லேசாக மின்சாரம் கொடுத்து, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதை நான் விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கரண்ட் டீச்சர். முதலில் உட்கார்ந்தவள் இன்பம் என்ற பெண். விரல் துள்ளியதும் அவள் போட்ட சத்தம் கேட் வரை கேட்டிருக்கும். "யம்மாடி! எங்க வூட்டுக்காரன் மொத மொத கையப் புடிச்சப்போகூட இப்டித் தூக்கிப் போடல!" வரிசை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு யாரும் பயப்படவில்லை.

சுகரா பேகத்தின் எண் முப்பத்தேழு. அவருடைய காலில் இரண்டு தடவை மின்சாரம் வைத்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "கரண்ட் போய்ட்ச்சா?" என்று கேட்டார். டெக்னீஷியன் அளவைக் கூட்டினான், எழுதிக்கொண்டான். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது உன் துறை.

கைநாட்டு வைத்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆனால் எண்பத்து நான்கு படிவங்களிலும் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. முடிவுத் தாள்கள் எப்போது வரும்? தீபாவளிக்குள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மேகலா


லீட்ஸ்,
11 பிப்ரவரி 2023

அன்பு மேகலா,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

பகுப்பாய்வு நினைத்ததைவிடச் சிக்கல். ஒவ்வொரு அளவீட்டையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அரைகுறை முடிவைக் கையில் கொடுத்து யாரையும் பயமுறுத்தக்கூடாது, நீயும் ஒப்புக்கொள்வாய். அந்தப் பெண்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் நேர்காணல் பகுதியைப் படித்த இங்குள்ள பேராசிரியர்கள் அசந்துபோனார்கள்.

உன்,
அஃப்ஷா


சத்துவாச்சாரி,
2 ஜூன் 2024

அஃப்ஷா,

இந்தத் தடவை நலம் விசாரிப்பு இல்லை.

போன மாதம் கத்திரி வெயிலில் சுகரா பேகம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருக்கிறாள்: "இன்னாக்கா, ஒரு செருப்ப எங்க வுட்ட?" அப்போதுதான் குனிந்து பார்த்திருக்கிறார். இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியாது. தார்ச்சாலையில் அரை கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்திருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், வலி இல்லை.

நான் வேலூருக்கு அழைத்துப் போனேன். நரம்பு மருத்துவர் பரிசோதித்தார். கால் நரம்புகள் நன்றாகவே பழுதாகியிருக்கின்றன, கையிலும் தொடங்கியிருக்கிறது என்றார். பசையில் கலக்கும் கரைப்பானாக இருக்கலாம், முன்பே அந்த வேலையை விட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார். பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி டெஸ்ட் எதாவது எடுத்திருக்கீங்களாம்மா?"

சுகரா பேகம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "பசை இல்லாத டிரிம்மிங் டேபிளுக்கு மாத்துங்கன்னு போன வருஷமே கேட்டேன் டீச்சர். இன்னாத்துக்குன்றான் சூப்பர்வைசர். கால் மரத்துப்போவுதுன்னா, எல்லாருக்குந்தான் மரத்துப்போவுதுன்றான். நீங்க சொன்ன சீட்டு இருந்திருந்தா மூஞ்சிக்கு நேரா காட்டியிருப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருச் செய்தி போலச் சொன்னார்.

எண் 37-இன் முடிவை உடனே அனுப்பு. மற்றவர்களுடையதையும் அனுப்பு. சரிபார்த்து முடிக்காவிட்டால் பரவாயில்லை, அப்படியென்று எழுதி அனுப்பு.

மேகலா


லீட்ஸ்,
19 நவம்பர் 2024

அன்பு மேகலா,

சுகரா பேகம் பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். உடனே எழுதாதது தவறுதான்.

நல்ல செய்தியும் உண்டு. நம் கட்டுரை வெளியாகிவிட்டது. மூன்றாவதாக உன் பெயர். சாமிநாதனின் காற்றோட்டக் கணக்கை வைத்து இரண்டு கம்பெனிகள் எக்ஸாஸ்ட் மாட்டப் போகின்றன. நினைத்துப் பார், எத்தனை பெண்களுக்கு நன்மை!

தனிநபர் முடிவுகளைத் தர எனக்கு அனுமதி இல்லை. அது நான் மட்டும் எடுத்த முடிவு அல்ல. இன்னொன்று: கட்டுரை வந்த மூன்று மாதத்துக்குள் பெயர்ப் பட்டியலை அழித்துவிட வேண்டும். கிழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், கோப்பை மூடிவிடலாம்.

ரம்ஜானுக்கு நிச்சயம் வருகிறேன். உட்கார்ந்து பேசலாம்.

உன்,
அஃப்ஷா


சத்துவாச்சாரி,
8 டிசம்பர் 2024

அஃப்ஷா,

கட்டுரையைப் படித்தேன். பொதுவாக நம்மவர்கள் பின்னிணைப்பு வரை போவதில்லை. நான் போவேன் என்பதை நீ மறந்துவிட்டாய்.

பின்னிணைப்பு மூன்று: ஒப்புதல் படிவம், ஆங்கிலத்தில். 'தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளர்களுக்கு வழங்கப்படமாட்டா.' குழு ஒப்புதல் அளித்த தேதி 14 பிப்ரவரி 2022. நான் தமிழ்ப் படிவத்தை அனுப்பி உன்னைக் கேட்டது மார்ச் 6. அதற்கு மூன்று வாரம் முன்பே அந்த வரி போய்விட்டது.

உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. 'அழகாக இருக்கிறது, அப்படியே அச்சடி.' என் மாணவி ஒருத்தி ஒரு கேள்விக்கு இப்படிப் பதில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். எழுதியது நீ என்பதால் அப்போது படித்துவிட்டுச் சிரித்தேன். யாரையும் எளிதில் நம்பாதவள் என்று கல்லூரியில் எனக்குப் பெயர்.

எண்பத்து நான்கு பேரில் பத்தொன்பது பேருக்கு நரம்புப் பழுது என்று கட்டுரையில் இருக்கிறது. இரண்டாவது அட்டவணை, நான்காவது வரி. எந்தப் பத்தொன்பது பேர்? அவர்கள் நாளைக் காலை எட்டரைக்கு அதே மேசையில் உட்கார்ந்து அதே பசையைத் தொடுவார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும். உனக்கும் அது வெறும் எண்.

இந்த விதியைக் கொண்டுவந்தது யார்? என்னிடம் ஏன் மறைத்தாய்? இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் எழுது.

மேகலா


லீட்ஸ்,
5 ஜனவரி 2025

மேகலா,

நேராகவே எழுதுகிறேன்.

விதித்தது கம்பெனி நிர்வாகம். தொழிலாளர் கையில் ஒரு தாளும் போகக்கூடாது, போனால் நாளைக்கே நஷ்டஈடு கேட்டு நிற்பார்கள், சம்மதம் இல்லையென்றால் கேட் திறக்காது என்றார்கள். எனக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன: நிபந்தனையோடு ஆய்வு, அல்லது ஆய்வே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். குழுவும் ஏற்றுக்கொண்டது.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அந்தப் பெண்களிடம் போயிருக்க மாட்டாய். நீ போகாமல் அவர்கள் கையை நீட்டியிருக்க மாட்டார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியாது.

ஆனால் இதையும் யோசி. ஆய்வு இல்லாமல் இருந்தால் எக்ஸாஸ்ட் வந்திருக்குமா? இனி வேலைக்கு வரும் நூற்றுக்கணக்கான பெண்களை யார் காப்பாற்றியிருப்பார்கள்? நீ எண்பத்து நான்கு முகங்களைப் பார்க்கிறாய். நான் அதற்கு அப்பாலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுகரா பேகம் பத்தொன்பதில் ஒருவர். உனக்காக இதை மட்டும் சொல்கிறேன். நான் சொன்னதாக எங்கும் சொல்லாதே, என் வேலை போய்விடும்.

நமக்குள் இருபத்தெட்டு வருடம் இருக்கிறது மேகலா. ஒரு படிவத்துக்காக அதைத் தூக்கிப் போடாதே. பட்டியலை அழித்தாயா?

உன்,
அஃப்ஷா


சத்துவாச்சாரி,
6 பிப்ரவரி 2025

டாக்டர் அஃப்ஷா அவர்களுக்கு,

உங்கள் ஜனவரி 5 கடிதம் கிடைத்தது.

பட்டியலை அழிக்கவில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறையில், ஆம்பூரில் ஒரு டியூஷன் சென்டரைக் கேட்டு வாங்கி, எண்பத்து நான்கு பேரையும் வரச்சொன்னேன். படிவத்தில் நான் படித்துக் காட்டிய வரி உண்மையில்லை என்று சொன்னேன். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவர்கள் நம்பியது உங்களை அல்ல.

பிறகு இன்பம் கேட்டாள்: "பேரு உங்க கிட்ட கீது. ரிசல்ட்டு அந்தம்மா கிட்ட கீது. அப்போ எங்க கிட்ட இன்னா டீச்சர் கீது?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "படிச்சவங்களுக்குள்ள தோஸ்த்து, பேஜார் எங்களுக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டியலில் உள்ள எண்ணை அவரவரிடம் தனித்தனியாகச் சொன்னேன். அவரவர் எண்ணை அறிய அவரவருக்கு உரிமை உண்டு. இதைத் தடுக்கும் விதி எதையும் உங்கள் பின்னிணைப்பில் நான் பார்க்கவில்லை. பிறகு அவரவர் முடிவைக் கேட்டு உங்களுக்கு எழுதினார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சுகரா பேகத்துக்கு எழுதத் தெரியும். ஆனால் பேனா விரலில் நிற்கவில்லை, அவர் மகள் ஹீனா எழுதினாள். எண் 37 பற்றி நீங்கள் எனக்கு மட்டும் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். மற்ற பதினெட்டுப் பேரும் அந்த அறையில் இருந்தபோது அதை ஒரு சலுகையாக நான் வைத்துக்கொள்ள முடியாது.

மூன்று பேர் எழுத மறுத்தார்கள். "மறுபடியும் பேப்பரா?" என்றார் ஒருவர்.

கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கக் கேட்டு இதழுக்கு எழுதிவிட்டேன். இரண்டு படிவங்களையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் தாயாரை நான் இனிப் பார்க்கப் போவது கடினம். அவருக்கு நீங்களே ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்தக் கவரில் எண்பத்தொரு கடிதங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பெயர், எண், வீட்டு முகவரி இருக்கின்றன. எல்லாக் கடிதங்களிலும் கேள்வி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தமிழில், அவர்கள் வீட்டுக்கே பதில் அனுப்புங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
மு. மேகலா