கேட் இல்லாத சந்து

என் பிள்ளைகளின் தகப்பனாருக்கு,

"நம் சந்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டுக்கு?

நீங்கள் இடைக்கால அரசின் ஆலோசகர். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில், பணக்காரர்கள் வாழும் மேட்டு ஹோட்டலில் உட்கார்ந்து தேர்தலுக்குத் தேதி பார்க்கிறீர்கள். நானும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கிறோம்.

சந்து முனையில் இருந்த இரும்புக் கேட் யார் போட்டது? வீட்டுக்கொரு இரும்புக் கட்டிலைக் கொடுத்தோம். வெல்டர் எலிஃபாத் அந்த இரும்பையெல்லாம் பற்றவைத்தார். நம் கல்யாணக் கட்டிலும் அதில்தான் இருந்தது. துப்பாக்கிக் கும்பல் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நீங்கள் கூட்டிவந்த வெளிநாட்டுப் போலீஸின் கவச வண்டி அதை இடித்துத் தள்ளியது. சாவியோடு ஓடிவந்த எலிஃபாத், "ஏண்ணே, ஒரு குரல் குடுத்தா தொறந்துவிட மாட்டோமா?" என்று கத்தினார். நம் ஊரில் சண்டைக்கு வருகிறவன்கூட வாசலில் நின்று "கௌரவம்!" என்று கூப்பிட்டு, உள்ளேயிருந்து "மரியாதை!" என்று பதில் வந்த பிறகுதானே கால் வைப்பான்? அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குமா? "விடுப்பா, புதுசா போட்டுக்கலாம்" என்று வண்டிக்குள்ளிருந்து சிரித்தீர்கள். படம் எடுத்துக்கொண்டீர்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் மேடேறிவிட்டீர்கள்.

மறுநாள் கும்பல் வந்தது. கேட் இருந்த இடத்தில் நின்று, "கௌரவம்! கௌரவம்!" என்று கேலியாகக் கூவிக்கொண்டே நுழைந்தார்கள். எலிஃபாத் ஒருவர்தான் குறுக்கே போய் நின்றார். நாங்கள் பின்சுவர் ஏறித் தப்பினோம். அவரைப் புதைக்கக்கூடத் திரும்பிப் போக முடியவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க வரப்போகிறீர்களாமே. வாருங்கள். இந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று தொண்டை வற்றக் கூப்பிடுங்கள். மரியாதை என்ற சொல் என் வாயிலிருந்து வராது.

இப்படிக்கு,
இன்றுவரை மோதிரத்தைக் கழற்றாதவள்