முதல் சிலுவை

வரதராஜன்பேட்டை
17.11.2024

இயேசு மரி சூசை துணை.

பெரம்பலூர்ல இருக்கிற தங்கச்சி ஞானத்துக்கு அக்கா அருளாயி எழுதுறது. இங்க நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

உன்னோட பேச மாட்டேன்னு மாதா சுரூபத்துக்கு முன்னால சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன்னு சொல்லல. அதான் எழுதுறேன்.

உன் மவ ஸ்டெல்லாவுக்கு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு மாத்தலாயிடுச்சு, புள்ளைங்க படிப்பு பெரம்பலூர்ல இருக்கு, அவ மட்டும் பெரியம்மா வூட்டுல தங்கட்டுமான்னு கேட்டிருக்க. அவ கல்யாணத்தன்னிக்கு அந்தப் பெரியம்மா உன் கண்ணுக்குத் தெரியலையா? பொண்ணு கோயிலுக்குக் கிளம்பும்போது நெத்தியில முதல் சிலுவை போடுறது பெரியம்மாதான். நம்ம வூட்டுல அம்மா காலத்துலேருந்து அப்படித்தான். நீ பொண்ணழைக்க வந்த சம்பந்தியம்மாவப் போட வச்ச. அந்தம்மா கட்டியிருந்த வாடாமல்லிச் சேல, சரிகை பிரிஞ்ச முந்தி, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. சாப்பிடாம பஸ் ஏறினேன்.

நேத்து காலப் பூசையில யோவானோட மூணாம் நிருபம் வாசிச்சாங்க. ஊர்விட்டு ஊர் வர்றவங்கள வூட்டுல சேத்துக்கணும்னு இருக்கு. தியோத்திரபுன்னு ஒருத்தன் வந்தவங்கள மதிக்காம வெளிய நிறுத்தினான்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னார். எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. நீயே எடுத்து வாசி.

முந்திரிக் காட்டுல பழம் பொறுக்கி, பாவாடையெல்லாம் கறையோட வந்து நிப்போமே. உனக்கும் சேத்து அடி வாங்கினவ நான். அதையும் மறந்திருப்ப.

அருளாயி

பெரம்பலூர்
25.11.2024

பாசமுள்ள அக்காவுக்கு ஞானம் எழுதுறேன். உன் கையெழுத்தப் பாத்ததுமே பாதி வலி போச்சு.

வாசிச்சேன் அக்கா. ஒரு பக்கம்கூட இல்ல. வந்தவங்கள அவன் சேத்துக்கல, சேக்க நெனச்சவங்களையும் தடுத்தான், எல்லாம் இருக்கு. ஆனா அவனப் பத்தி முதல்ல சொல்றது வேற. தான்தான் எல்லாருக்கும் முன்னால நிக்கணும்னு ஆசப்பட்டவனாம். நீ கோவிச்சாலும் சொல்றேன், எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

அன்னிக்கு நீ, கறி வெந்துச்சான்னு சமையக்காரன மெரட்டப் போயிட்ட. கார் வந்து நின்னுச்சு. சம்பந்தியம்மா கைய நீட்டிட்டாங்க. பொண்ணப் பெத்தவ நான், அந்தக் கையத் தட்டிவிட முடியுமா? ஸ்டெல்லா, பெரியம்மா வரட்டும்னு கார்க்கதவப் புடிச்சிக்கிட்டு நின்னா. நான்தான் திட்டி ஏத்தினேன். இதச் சொல்ல எத்தன தடவ போன் பண்ணேன்! என் குரல் கேட்டதும் பேத்திகிட்ட குடுத்துடுவ.

நீ வாங்கின அடி மறக்கல. உன் முதுகுல தேங்கெண்ண தடவினது யாரு? அது ஞாபகம் இருக்கா?

ஸ்டெல்லா ஹாஸ்டல்ல சேந்துட்டா. இனிமே உன்னக் கேக்க மாட்டேன். எழுத வேண்டியது நெறய இருக்கு, பேனாவும் மையும் வேண்டாம், நேர்ல பாத்துப் பேசுவோம்னு யோவான் முடிக்கிறார். நீ என்னடான்னா எழுதுவேன், பேச மாட்டேங்குற.

உன் தங்கச்சி
ஞானம்

வரதராஜன்பேட்டை
15.12.2024

இயேசு மரி சூசை துணை.

தங்கச்சி ஞானத்துக்கு,

உன் கடுதாசி வந்தன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கல. என்னயப் போயி தியோத்திரபுங்குறியா? அஞ்சாவது படிச்சவதான் நானும். எழுத்துக்கூட்டி வாசிச்சேன். நீ சொன்னது அப்படியே இருக்கு. எனக்குப் புடிக்கல.

தேங்கெண்ண ஞாபகம் இருக்கு. ஊதிக்கிட்டே தடவின.

கார்க்கதவு விசயம் தெரியாது.

புதன்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். ஸ்டெல்லா வெளிய வரவும், "ஏண்டி, ஹாஸ்டல் சோறு ருசிக்குதா? பெட்டியக் கட்டு"ன்னேன்.

"என்னோட பேசலாமா பெரியம்மா? மாதா கோவிக்க மாட்டாங்களா?"ன்னு சிரிக்கிறா. உன் வாய்தான் அவளுக்கு.

"அது உங்கம்மாவுக்குச் சொன்னது. நட"ன்னேன்.

சன்னல் வச்ச அறைய ஒழிச்சுக் குடுத்திருக்கேன். மறுநாள் காலையில வேலைக்குக் கிளம்பினவ படி எறங்காம நின்னா. நெத்தியக் காட்டினா. போட்டேன். சிலுவை கோணலா விழுந்துச்சு. இப்ப தெனமும் நிக்கிறா. பஸ் போயிடும்டின்னு நான்தான் வெரட்டுறேன்.

கோவமெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சிடாத. அந்த வாடாமல்லிச் சேலையப் பத்தியே இன்னும் நெறய இருக்கு. எழுதத்தான் வெரல் மடங்க மாட்டேங்குது. மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். சனிக்கிழமை ஸ்டெல்லா வந்து உன்ன அழச்சிட்டு வருவா. கிறிஸ்துமஸ் வரைக்கும் தங்குற மாதிரி துணிமணி எடுத்துக்க.

வாசல்லதான் நிப்பேன். முதல்ல நீயே பேசு.

அக்கா
அருளாயி