எழுவைதீவுப் படகும் எஃப் டூவும்

செவ்வாய்

சோழகக் காற்று. இறங்குதுறையடி ஸ்டூடியோக் கடைக்குள் எல்லாம் மணல். காலையிலேயே ஒரு வெட்கக்கேடு. கொம்பியூட்டர் திரையில் மனைவியின் படம் போட்டிருக்கிறேன். அதன்மேல் பைல்களைப் போட்டுப் போட்டு, இப்போது தெரிவது ஒரு காது மட்டும். தேத்தண்ணி கொண்டு வந்தவள் கண்டுவிட்டாள்.

"என்ர முகம் எங்கையப்பா?"

"உள்ளுக்கை பத்திரமா இருக்கு. தோடு தெரியுதெல்லோ."

தேத்தண்ணி திரும்பி வீட்டுக்கே போய்விட்டது.

புதன்

காற்று அப்படியே. எழுவைதீவுக் கலியாணப் படங்கள், ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றுக்கும் கமரா வைத்த பெயர், வெறும் இலக்கம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஞாயிறு கனடாவுக்குப் பறக்கிறார்கள். அல்பமும் கூடப் போகவேண்டும். அல்பம் அடிக்கும் யாழ்ப்பாணத்து லாப் நாளை மாலைக்குள் படங்களைக் கேட்கிறது. பொம்பிளையின் தாய் புவனா அக்கா நாளை காலைப் படகில் வந்து, தெரிவு செய்துவிட்டு, பின்னேரப் படகில் திரும்பவேண்டும்.

ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றியதில் கை உளைந்தது. லாப்காரத் தம்பிக்குப் போன்.

"அண்ணை, இவ்வளவு காலமும் ஒண்டொண்டாவே மாத்தினனீங்கள்?"

"சீச்சீ, சும்மா கேட்டனான்."

"எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சு எஃப் டூ அமத்துங்கோ. ஒரு பேர் அடிச்சு என்டர்."

ஒரே பெயர் எல்லாவற்றிலும் ஏறி, பின்னால் 1, 2, 3 தானாக! பிழைத்தால் கொன்ட்ரோல் இசட், பழைய பெயர் வந்துவிடும். அந்த எஃப் டூ கட்டையைத் தூசு தட்டியிருக்கிறேன், ஒருநாளும் அமத்தியதில்லை.

வைத்த பெயர்கள்: பொம்பிளை பகுதி. மாப்பிள்ளை பகுதி. மாப்பிள்ளையின் தாய் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. அவவுக்குத் தனியாக, "மாமியார் முறைப்பு". அனுப்பமுன் மாற்றவேண்டும்.

வியாழன்

கடல் கொந்தளிப்பு. புவனா அக்கா சேலை நனைந்து வந்தார். மாப்பிள்ளை வீட்டார் முதலே குறித்து அனுப்பிய படங்களைக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ளை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே. கனடாவிலை பாக்கிற சனம், பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ நினைக்கும்."

எனக்குப் பகிடி வரவில்லை. பாதிக்குப் பாதி போடுவோம் என்றேன்.

ஓல்ட் கட்டையும் பி கட்டையும் சேர்த்து அமத்தினால் பக்கத்தில் படம் பெரிதாக வருகிறது, திறக்கவே தேவையில்லை. வேண்டாததை மட்டும் பிடித்து, மேல் மெனுவில் கடைசி வரியை அமத்தினால் மற்றதெல்லாம் பிடிபடுகிறது. இங்கிலிஷ் எனக்கு ஏலாது, இடம்தான் பாடம்.

"கண் மூடின ஆக்களைச் சொல்லுங்கோ அக்கா, கழிப்பம்."

"உவர் எங்கட பெரியண்ணை. முழிச்சிருந்தாலும் உப்பிடித்தான்."

"அப்ப இருக்கட்டும்."

திரை முழுக்கத் திறந்து கிடக்கும் பெட்டிகள். எரிச்சலில் ஒன்றை மவுசால் தலையில் பிடித்து உலுப்பினேன். மற்றதெல்லாம் பொத்தென்று கீழே போய்விட்டன. அக்கா சிரித்துவிட்டார். "வலை உதறின மாதிரி!"

கடைசியாக ஒன்று. தகப்பனின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் மகள் விழுந்து கும்பிடுகிறாள். இது முதல் பக்கம் என்றார். அப்போதே படகு ஊதிவிட்டது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டம். ஏறிவிட்டார், வாசலில் நின்று பார்த்தேன். படங்களின் பென் டிரைவ், லாப்பில் கொடுக்கச் சொல்லி பஸ் கொண்டக்டரிடம்.

வெள்ளி

காற்று குறைவு. எல்லாப் படங்களையும் மாப்பிள்ளையின் தாயின் போனுக்கும் அனுப்பினேன். திரையில் கிடந்ததை ஒரே பிடியாகப் பிடித்து ஒரு போல்டருக்குள் போட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கண் மூடியிருக்கு. வேறை படம் போடுங்கோ."

தேத்தண்ணி கிடைத்தது.

சனி

வெயில். அல்பம் வந்தது, நல்ல வேலை. மாப்பிள்ளையின் தாய் எடுக்க வந்தார். முதல் பக்கத்தை வடிவாகப் பார்த்தார். "இது முன்னுக்கு வந்தது சரி" என்றார். பிறகு போனை நீட்டினார்.

"மாமியார் முறைப்பு பதினேழு. இதைப் பெரிசாக்கிப் பிரேம் போட்டுத் தாரும்."

பொன் நிறப் பிரேம். கண்ணாடியோடு. குறித்துக்கொண்டேன்.