மஞ்சள் கைக்கு வரும் நேரம்

உன் மனைவி இன்று காலை திருவொற்றியூரில் என் பெயர்ப்பலகைக் கடைக்கு வந்தாள். பழைய போர்வையில் சுற்றிய சட்டம் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். அதில் சிவப்பு அக்ரிலிக் துண்டு ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்தது. உன் நினைவுக் கண்காட்சிக்கு அதை மட்டும் மாற்றித் தர வேண்டுமாம். "போர்டு வேலையில உங்க கை மாதிரி வராதுன்னு அவர் சொல்வார்க்கா" என்றாள். அளவு பார்க்கப் புதுச் சிவப்பு ஷீட்டின் ஓர் ஓரத்தை லேசர் வெட்டு மெஷினில் விட்டேன். ஷீட் கருகும் அந்தப் புளித்த வாடை கடையெல்லாம் ஏறியது.

நீ செத்து ஒரு மாதமாகிறது. காலமானாய் என்று எழுத மனம் வரவில்லை.

அந்தச் சட்டம் எங்கள் ராயபுரம் வீட்டு ஜன்னலுக்காக நான் அடித்தது. அது உன் மனைவிக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

அப்போது நான் கடை வைத்த புதிது. அம்மா வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தாள். கிழக்கு ஜன்னல் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. திரை வாங்கிப் போட்டால் புழுங்குகிறது என்றாள். கடை போர்டுகளுக்கு எழுத்து வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகக் கிடந்தன. முக்கோணம், பாதி வட்டம், 'ம'வின் வயிற்றிலிருந்து விழுந்த சதுரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு சட்டத்தில் இடைவெளி விட்டு ஒட்டி ஜன்னலில் மாட்டினேன். வெயில் மறைப்பு. அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

நிறங்கள் காலை ஏழு மணிக்குச் சுவரில் விழும். மெல்ல இறங்கிக் கட்டிலுக்கு வரும். பத்து மணிக்குத் தரையில் கிடக்கும். அம்மாவுக்குக் கடிகார முள் தெரியாத அளவுக்குக் கண் மங்கியிருந்தது. நிறம் தெரிந்தது. "மஞ்சளு கைக்கு வந்துச்சுடி, மாத்திர குடு" என்பாள். கடிகாரத்தைப் பார்த்தால் எட்டரை. மாத்திரை கொடுத்துவிட்டு நான் கடைக்குக் கிளம்புவேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் நீ உரிமையோடு வருவாய். ஓவியக் கல்லூரி முடித்து, கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, யாரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. சட்டம் மாட்டிய புதிதில் ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"மே, இது இன்னான்னு தெர்தா ஒனக்கு?"

"வெயிலு. இன்னாடா, புச்சா பாக்குற மாதிரி நிக்கிற?"

"வெயிலு நடந்துகினு கீது மே. சைலன்டா நடக்குது, பாரு."

பத்து மணிவரை நின்றாய். மறுநாளும் வந்தாய். ஒரு வாரம் வந்தாய். ஒவ்வொரு நிறத்தின் ஓரத்தையும் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதினாய். அம்மாவுக்கு உன்னைப் பிடித்தது. "இன்னா நைனா, துன்னியா?" என்று கேட்டுத் தன் தட்டு இட்லியில் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்வாள். நீயும் தின்றாய்.

எட்டாம் நாள் சட்டத்தைக் கேட்டாய். போட்டோ எடுக்க வேண்டும், "ரெண்டே நாளு மே" என்றாய். கழற்றிக் கொடுத்தவள் நான்தான்.

இரண்டு நாள் நான்கானது. போன் செய்தால், "நாளிக்கி மே, கண்டிப்பா." நாளை கொண்டுவந்துவிடுவாய் என்று நான் வேறு ஒன்று செய்யவில்லை. அந்த வாரம் கடையில் ஓடியதெல்லாம் வெள்ளை ஷீட். கலர்த் துண்டு தேடவும் எனக்குச் சோம்பல். உன்மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் இருக்கிறது. அதையும் நீயே வாங்கிக்கொள்.

முகத்தில் வெயில் படாமலிருக்க ஜன்னலில் அட்டையைச் செருகியிருந்தேன். சட்டம் போன ஐந்தாம் நாள் காலை அம்மா கேட்டாள்: "இன்னும் விடியலயாடி?"

மணி ஒன்பது. விடிந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதையே கேட்டாள். ஒன்பதாம் நாள் இரண்டாவது முறை வாதம் வந்து, பேச்சு நின்று, சாயங்காலம் போய்விட்டாள். சட்டம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. விடியவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்க மாட்டாள்.

அடக்கத்துக்கு வந்தாய், மாலையோடு. கல்லறைத் தோட்டத்து வாசலில் என் காதோரம் வந்து, "எக்ஸிபிஷன் ஓப்பனிங் மே. அத்த வச்சுதான் மெயின் பீஸு. இன்னா பண்றது சொல்லு" என்றாய்.

கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். ஊரின் தென்கோடியில் ஏசி போட்ட வெள்ளை அறை. எங்கள் ஜன்னல் சுவரில் தொங்கியது, பின்னால் மின்விளக்கு. நிறங்கள் எதிர்ச்சுவரில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தன. நகரவே இல்லை. பக்கத்தில் இருந்த அட்டையில், சிறுவயதில் மாதா கோயில் வண்ணக் கண்ணாடி வழியே வந்த ஒளிதான் உன்னை எழுப்பியது என்று இருந்தது. கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாலும் பின்வாசலில் ஓடிப்போகிறவன் நீ.

உன்னைத் தனியே இழுத்துக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"ஒங்கூட்டு ஜன்னல்ல இருந்தது பிளாஸ்டிக் துண்டு மே. நான் எடுத்தப்பொறம்தான் அது ஆர்ட்டு."

"எங்கம்மாவுக்கு அது மாத்திர வேளடா" என்றேன்.

என் குரல் கேட்டுத் தள்ளி நின்றவர்கள் திரும்பினார்கள். நீ கோப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் போய்விட்டாய். அதோடு நமக்குள் பேச்சு முடிந்தது. அதன்பின் நீ பெரிய ஆளானாய். விமான நிலையங்களிலும் ஓட்டல் முகப்புகளிலும் உன் வண்ணச் சதுரங்கள் தொங்கின. பத்திரிகையில் படம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

இதையெல்லாம் இன்று உன் மனைவியிடம் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். "ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லக்கா" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்காட்சியில் அதன் பக்கத்தில் வைக்கும் அட்டையில் என் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். கேலரிக்காரர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவள் கேட்பாள். அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது. துண்டை வெட்டி, ஷீட்டை இளக்கி ஒட்டும் குளோரோஃபார்ம் தொட்டு, மயிரிழை பிசகாமல் ஒட்டிக் கொடுத்தேன். உனக்காக இல்லை. கடைக்கு வந்த வேலையை நான் கெடுத்துத் தந்ததில்லை.

உன் ஆத்துமாவுக்காகப் பூசை வைத்தார்கள். நான் போகவில்லை, போகப் போவதுமில்லை. ஆனால் நான் கேட்காமலே உன்னிடமிருந்து ஒன்று எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து பஸ் நின்றுவிட்டது. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அது வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே வந்து, முன்சீட்டுப் பெண்ணின் வெள்ளைத் துப்பட்டாவில் கோடு போட்டாற்போல் விழுந்தது. லாரி நகர நகரக் கோடு அகன்று முக்கோணமாகி, அவள் தோளில் மடிந்தது. பஸ்ஸில் ஒருவரும் பார்க்கவில்லை. "டேய், இங்க பார்றா" என்று வாய்வரை வந்துவிட்டது எனக்கு. உன்னைத்தான். பல்லைக் கடித்து அடக்கினேன். ஆனாலும், லாரி முழுக்க நகர்ந்து வெயில் சாதாரண வெயிலாகும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.