பந்து தேடும் நேரத்தில் பேசியவளுக்கு

ஓடிக்கொலோன் வாசம் பட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. போன வாரம் அலுவலகத்தில் ஒருத்தி தலைவலி என்று கைக்குட்டையை அதில் நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஊரெல்லாம் தலைவலிக்குப் போடுகிறதை நீ மைக்குக்குப் போட்டாய். வெற்றிலை வாயோடு ஆண்கள் பேசி முடித்த மைக் அது. "எச்சித் தட்டுல யாராச்சும் சோறு திம்பாங்களா புள்ள?" என்று கேட்டு, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் கலவானப் பக்கத்து நம் தேயிலைத் தோட்டத்தில் நீ பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்தாய். நான் பஜாரில் ஒரு கடையில் பில் எழுதினேன். தீபாவளிக்கும் சித்திரைக்கும் மென்பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். கோப்பை வாங்க நான் கடை கடையாய் ஏறி, "ஒங்க கடைப் பேர மைக்குல சொல்றோம்ங்க" என்று கேட்பேன். ஒரு தீபாவளிக்கு மைக் பேசுகிற அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இருபது குழந்தைகளைக் கத்தியே அடக்குகிறவள் என்று உன்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்புறம் அந்த மைக்கை நீ யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நம் மைதானத்தைச் சுற்றி ரப்பர் மரங்கள். யாராவது சிக்ஸர் அடித்தால் பந்து ரப்பருக்குள் போய்விடும், எல்லோரும் இறங்கித் தேடுவார்கள், ஆட்டம் செத்துப்போகும். நீ அந்த நேரத்தைத்தான் பிடித்தாய்.

"பந்து ரப்பருக்குள்ள போயிருச்சுங்க! தேடுறவங்க கால்ல சோப்பத் தேச்சிக்கிட்டுப் போங்க, அட்ட கடிக்கும். சோப்பு இல்லாதவங்களுக்கு பஜார் மூலைக் கடையில இருக்குங்க!"

உடனே அதையே சிங்களத்திலும் சொல்வாய். தமிழ் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டால் கீழே சிங்கள ஊரில் முகம் சுருங்குகிற காலம் அது. நீ இரண்டிலும் சிரிக்க வைத்ததால் அவர்களும் மேலே ஏறி வந்து ஆட்டம் பார்த்தார்கள். மூலைக் கடை முதலாளி அடுத்த போட்டிக்கு, நான் கேட்பதற்கு முன்னமே பெயர் கொடுத்தார். பிற்பாடு கொழும்பில் எனக்கு விளம்பரம் பற்றி வகுப்பெல்லாம் எடுத்தார்கள். அதில் சொன்ன எதுவும் உன் சோப்புக்குக் கிட்டே வரவில்லை.

கொழும்பில் சோடாக் கம்பெனி ஒன்றின் விளையாட்டு விளம்பரப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்ததும் உன்னால்தான்; உன் பேச்சுக்காகக் கடைகள் கொடுத்த விளம்பரங்களைக் காட்டித்தான் சேர்ந்தேன். சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களுக்கு இடையே ஒரு போட்டி வைப்போம் என்று நான் கொடுத்த திட்டத்தில், 'அறிவிப்பு' என்ற இடத்தில் உன் பெயரை எழுதியிருந்தேன். நம் மைதானத்தில் நடக்கவிருந்த இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் அந்தப் பெயரைப் பேனையால் தட்டினார்.

"பொம்பளக் குரல் கல்யாண வீட்டுக்குச் சரி. கிரிக்கெட்டுக்கு எடுபடாது. டிரெக்டர்மார் எல்லாம் வாறாங்க. ஆள மாத்துங்க."

அந்த அறையில் நானும் ஒரு பொம்பளைதான். வேலை இன்னும் நிரந்தரமாகாத பொம்பளை. "சரி சேர்" என்றேன்.

பிள்ளைக்காம்பராவுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாய். பிறகு, "சரி விடு புள்ள. அந்த ஆளுக்கு நம்ம பசங்க பேரு தெரியாதே, யாரு சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டாய்.

நீயே சொல்லிக் கொடுத்தாய்! கோட் போட்டு வந்த அந்தக் கொழும்பு அறிவிப்பாளருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அவர் காதில் ஓதினாய். நம் தோட்டத்து மேல் டிவிஷன் இடதுகைக்காரன் யார், யாருடைய மகன், போன தடவை யார் பந்தில் அவுட் ஆனான். பந்து ரப்பருக்குள் போனதும் அவர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார், நீ சொல்வாய், அவர் மைக்கில் சொல்வார், சனம் சிரிக்கும். அடுத்த வாரப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. தோட்டத்து மக்களை உள்ளும் புறமும் அறிந்தவர் என்று எழுதியிருந்தார்கள். படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் உன் முந்தானை கொஞ்சம் தெரிந்தது. அந்தப் படத்தை வெட்டி என் அறிக்கையில் ஒட்டினேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.

ஏண்டி என்னைத் திட்டவில்லை? நோ-போல் கொடுக்காத அம்பயரை, "கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்று மைக்கிலேயே கேட்டவள் நீ. என்மேல் மட்டும் ஏன் அந்த வாய் பாயவில்லை? இறுதி ஆட்டம் முடிந்த சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது, "நீயாச்சும் மேல போறியே, அது போதும்" என்றாய். எனக்குப் போதாது. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். இதை எதைக் கொண்டு துடைப்பது?

அதற்குப் பிறகு நீ மைக் பக்கமே போகவில்லை. கமிட்டிக்காரர்கள் கேட்டால் தொண்டை சரியில்லை என்றாயாம். நான் ஒவ்வொரு வருடமும், "அடுத்த வருசம் கட்டாயம் ஒன்னயப் போடுறேன்" என்பேன். நாலு தடவை சொன்னேன். நீயும் நாலு தடவை தலையாட்டினாய். போன வருட மழையில் எலிக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாய். நான் கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

இப்போது அந்த மேனேஜர் நாற்காலியில் நான் இருக்கிறேன். போன மாதம் இதே போட்டிக்கான கூட்டத்தில் ஒரு தம்பி, "மேடம், ஃபைனலுக்கு ஆம்பளக் குரலா ஒன்னப் போடுவமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் கத்திவிட்டேன். "பொம்பளதான் பேசுவா. பிடிக்காதவங்க யாரும் வர வேணாம்!" கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். தம்பி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஃபைனலில் கேகாலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பேசினாள். நன்றாகவே பேசினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை என்னவோ ஏதோ என்று பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தது.

அவள்மேல் எனக்கு என்ன கோபம்? அன்று அந்த மேனேஜரிடமும் இப்படிக் கத்தியிருக்கலாம். வேலை போயிருக்கும். போயிருக்கட்டுமே. கத்துவதற்கு அரை நிமிடம்தான் ஆகிறது என்று எனக்குத் தெரிந்தபோது நீ இல்லை.