சுதி இறங்கிய கம்பி

ஃப்ளாண்டர்ஸ் விமானத்தளம்,
மார்ச் 1917

என் கோபக்காரிக்கு,

இந்தப் போர்ப் பஞ்சத்தில் பியானோவை விற்று உருளைக்கிழங்கு வாங்கச் சொன்னவன் நான்தான். விற்றுவிடாதே. நம் மகன் ஹென்னிங் பத்திரமாக இருக்கிறான். என் பக்கத்தில் உட்கார்ந்து டர்னிப் கிழங்கு சூப்பைத் திட்டிக்கொண்டே குடிக்கிறான்.

நான் வடிவமைத்த புதுப் போர்விமானத்தை இன்று காலை அவன் ஓட்ட வேண்டியிருந்தது. மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை இங்கே எல்லோரும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார்கள். இவன் ஒவ்வொன்றாகச் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டான்.

"என்னடா, கச்சேரியா? பயமா இருந்தா சொல்லிடு!" என்று மற்ற விமானிகள் சிரித்தார்கள்.

"இடது பக்கக் கம்பி சுதி இறங்கியிருக்கு. நான் ஏறமாட்டேன்."

கழற்றிப் பார்த்தால், கம்பியைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கியில் மயிரிழை விரிசல். வானத்திலிருந்து பாய்ந்து இறங்கியிருந்தால் இறக்கை பிய்ந்திருக்கும். சிரித்தவர்கள் தங்கள் விமானக் கம்பிகளைச் சுண்டிப் பார்க்க ஓடினார்கள்.

அந்தக் கொக்கியை வரைந்தது யார் என்று நீ கேட்க மாட்டாய். இனி அது இரண்டு மடங்கு கனம். அதை மாற்றும்வரை ஒரு விமானமும் பறக்காது.

"அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, தப்பா வாசிச்சப்போ விரல்ல அடிச்சாங்களே, இன்னும் வலிக்குதுன்னு" என்கிறான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான்.

பையனுக்குக் கணக்கு போதும், பியானோ எதற்கு என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டேன்! சனிக்கிழமை இருவரும் வருகிறோம். என்னை வாசலிலேயே திட்டிக்கொள். அவனை மட்டும் வாசிக்கச் சொல். எவ்வளவு தப்பாக வாசித்தாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

கணக்கில் தோற்ற,
உன் கணவன்