முதல் பழம் விதைக்கு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சாமி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். ஆஸ்பத்திரியில் நீங்களும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. போனில் பேசினால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம், தக்காளிச் செடி முளைத்திருக்கிறது. யாரும் விதைக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று தக்காளியில் உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தை வெளியே வீசினீர்களே! இது ஜன்னலா, குப்பைத் தொட்டியா என்று நான் சண்டை போட்டேனே, அந்தத் தக்காளிதான். வீட்டுக் கணக்கு நோட்டில் வரவுப் பக்கம் அதை எப்படி எழுதுவதென்று திண்டாடிப்போனேன். வாங்கியதும் இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. கடைசியில் "அவர் அனுப்பியது" என்று எழுதினேன்.

நெருக்கமாக இருந்ததைப் பிடுங்கிவிட்டு, திடமான நாலு செடிக்கு மட்டும் குச்சி நட்டுக் கட்டினேன். காய் பிடிக்கிற நேரம் பார்த்து வீட்டு ஓனரம்மா பெயிண்டரைக் கூட்டி வந்துவிட்டார். ஏணி வைக்க வேண்டும், செடியைப் பிடுங்கு என்றார். முடியாது என்றேன். "சுவர் யாருதும்மா, உங்களுதா எங்களுதா?" என்று கேட்டார். "சுவர் உங்களுதுதாம்மா. செடி அவர் போட்டது. அவர் வந்து பிடுங்கச் சொல்லட்டும், பிடுங்கறேன்" என்றேன். நான் இப்படிப் பேசுவேன் என்று ஓனரம்மாவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இப்போது வீடு மூன்று பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எதுவானாலும் முதலில் சாமிக்கு வைப்பதுதான் என் வழக்கம், உங்களுக்குத் தெரியும். முதல் பழம் நன்றாகப் பெருத்து, செடியிலேயே சிவந்தது. படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டேன். பிறகு, "இது விதைக்கு வேணும் சாமி, அடுத்ததை வச்சுக்கோ" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். நல்லதைத் தின்றுவிட்டுச் சொத்தையில் விதை எடுத்தால் சொத்தைதானே வரும்?

ஆனால் விதை எடுக்கும் விதம் எனக்குத் தெரியவில்லை. பாதிப் பழத்தைப் பிதுக்கிக் காகிதத்தில் பரப்பினேன். வழவழப்போடு ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிட்டது. மீதிப் பாதியை டம்ளரில் பிழிந்து வைத்த அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. டம்ளரையே மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்தார். சமையலறைக்குள் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன அண்ணி, அண்ணன் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்துச் சாராயம் காய்ச்சறீங்களா?" என்றார். கடிதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். கொட்டலாம் என்று நுரையை ஒதுக்கினால், வழவழப்பெல்லாம் கரைந்து, அடியில் சுத்தமாக விதை கிடக்கிறது! கழுவி நிழலில் உலர்த்தி, பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஸ்கூட்டரை விற்றுவிடு, கேஸ் இணைப்பைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. ஸ்கூட்டருக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், ஒரு தடவை பட்டது போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் நானே போனில் கேட்டேன். செய்தால் தேற வழி இருக்கிறது, தள்ளிப்போடத்தான் கூடாது என்றார். வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன தடவை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் இதை எழுதுகிறேன்.

சாமியிடம் நான் பேரம் பேசுவதில்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் அப்படியே கேட்கிறேன். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுப் பேனா வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். அதற்குள் போட்டிருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், போடுகிற வரைக்கும் உங்கள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரத்துக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

ஆண்டவன் உங்களைக் கைவிட மாட்டான். நானும்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி